கரித்தூசி அல்ல, அப்பா

இன்று சென்னை ஆய்வகத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் கழுத்து ரத்தக்குழாயைத் திரையில் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனை வைத்து ரத்தம் எப்படி ஓடும் என்று கணக்கிட்டு, அதற்கு நிறம் கொடுப்பது என் வேலை. வேகமாகப் போகும் ரத்தம் சிவப்பு, தேங்குவது நீலம். குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருந்தது. அதைத் தாண்டியதும் ரத்தம் நீலமாகச் சுழன்றுகொண்டு நின்றது. அங்கே உறையும் துணுக்கு ஒன்று கண்ணுக்குப் போனால், ஒரு கண் மட்டும் சற்று இருண்டு தெளியும். அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம். இதைக் குறிப்பாக எழுதும்போது, அன்று முகம் கழுவிக்கொண்டு நின்ற நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள், அப்பா.

நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்டிவிட்டு ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தவர், நேராகக் குழாயடிக்குப் போனீர்கள். "எடது கண்ணுல ஷட்டர் எறக்கற மாதிரி மேலேர்ந்து இருட்டிகினு வருது" என்றீர்கள். எரிச்சல் இல்லை, சிவக்கவும் இல்லை. ஆனால் நம் ஊரில் இருமலுக்கும் தலைவலிக்கும் கொடியில் காயும் துணி கறுப்பதற்கும் ஒரே காரணம்தானே. "கரி வுழுந்திருக்கும், கண்ணத் தொறங்க" என்று அம்மா செம்புத் தண்ணீரை ஊற்றினாள். இருட்டு விலகியது. தண்ணீரால்தான் விலகியது என்று மூவரும் நம்பினோம்.

எதிர்வீட்டு ஆபரேட்டர் சிரித்தார். "யோவ், வூட்டுக்காரம்மா திட்டும்போது மட்டும் பார்வ போவுதா? நல்ல வியாதிய்யா!"

மறுபடியும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"கண்ணுன்னு சொன்னா மெஷின வுட்டு எறக்கிடுவாங்கம்மா. ஆபீசுல ஃபைல் தூக்கச் சொல்றியா?"

அந்த வாரமே, சாப்பிடும்போது உங்கள் வலது கை சோற்றிலேயே கிடந்தது. என் பெயரைச் சொல்ல முயன்று வாய் கோணியது. அதன் பிறகு நீங்கள் எதுவுமே சொல்லவில்லை.

யாருக்கு அறுவை வேண்டும் என்று டாக்டர்கள் முடிவெடுக்க உதவத்தான் இந்தப் படங்கள். ஆனால் ஸ்கேன் வரை வருகிறவருக்குத்தான் அவை. கண்ணைக் கழுவிக்கொண்டு அடுத்த ஷிப்டுக்கு பஸ் ஏறுகிறவருக்கு என் சிவப்பும் நீலமும் எதற்கு? "அழகா இருக்கே" என்றார் ஒரு டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மா இப்போது பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கிறாள். கேட்பவர்களிடமெல்லாம், "கரித்தூசிதான் அவரக் கொண்டுகினு போச்சு" என்கிறாள். போன முறை, என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள்.

"ரத்தம் ஓடறதப் படமாப் போடறேன்மா."

"அதுல என்னாத் தெரியும்?"

எல்லாம் தெரியும், அப்பா. அவள் ஊற்றிய தண்ணீருக்கும் அந்த இருட்டு விலகியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதும் தெரியும். "பெருசா ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவள் இருக்கும்வரை இந்தப் பொய் என்னோடுதான்.