'பகலில் வருவான்' படத்தில் நான் கத்தாத இடம்

என் சேவி அண்ணாவுக்கு,

ஜெயிச்சுட்டே அண்ணா. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் கிளப் ஹாலில் உன் 'பகலில் வருவான்' படத்தைத் திரும்பவும் போட்டோம். நீ போய் அஞ்சு வருஷம் ஆனதற்குச் சர்ச்சில் பூசை வைத்திருந்தோம். வந்தவர்களை அப்படியே அழைத்துப்போய்ப் படத்துக்கு உட்கார வைத்துவிட்டேன். வெயிலில் முகத்துக்கு வெளிச்சம் திருப்ப உனக்குத் தெர்மகோல் அட்டை பிடித்தானே பாஸ்கர், அவன்தான் பழைய கேசட்டை சிடியில் ஏற்றிக் கொண்டுவந்தான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசும் வழக்கம் நம் வீட்டில் எப்போது இருந்தது? ரத்தம் ரத்தமாகவே இல்லை. ரோஸ்மில்க் எசன்ஸில் சர்க்கரைப் பாகைக் கலந்து ஊற்றினாய், இரண்டாவது பிணத்தின் கழுத்தில் எறும்பு ஏறி, பிணம் சொறிந்துகொள்கிறது. கொலைகாரன் ஒரு காட்சியில் நிலைக்கதவு உயரம், அடுத்த காட்சியில் என் தோள் உயரம். அன்றைக்கு எவனுக்கு டியூட்டி இல்லையோ அவனுக்கு ரெயின்கோட்டை மாட்டிவிட்டால் வேறு எப்படி இருக்கும்? நாலு பேரை அவன் எதற்காகக் கொல்கிறான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இன்ஸ்பெக்டர் முந்திரி மரத்தடியில் நின்று அஞ்சு நிமிஷம் விளக்குகிறார். பின்னால் ஓர் ஆடு மேய்கிறது, எல்லோரும் ஆட்டைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் அந்த வெயில் இருக்கிறதே! லைட்டு கிடைக்காமல்தானே எல்லாக் கொலையையும் மத்தியானத்தில் வைத்தாய்? ஆளே இல்லாத நம் சுரங்கக் குவார்ட்டர்ஸ் தெரு, கொடியில் காயும் துணி, சிமெண்ட் தரையில் கம்பூட் சத்தம். வாயை மூடிய தூசி மாஸ்க்கோடு வருகிறவன் ஓடவே மாட்டான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு, டியூட்டிக்குப் போகிறவன் மாதிரி நிதானமாக நடந்து வருவான். அத்தனை வெளிச்சத்தில் ஒருத்தன் அப்படி நடந்து வந்தால் எங்கே போய் ஒளிவது? எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

சரி, நம் சண்டைக்கு வருகிறேன். நாலாவதாகச் சாகிறவள் நான். அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்குகிறேன், அவன் வாசலில் வந்து நிற்கிறான், நான் திரும்பிப் பார்த்து வீறிட்டு அலற வேண்டும். அந்த ஒரு அலறலில் ஹாலே சேர்ந்து அலறணும், அதற்காகத்தான் படமே எடுக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரே டேக்தான். கேமரா அன்றைக்கே வடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டும். நான் திரும்பினேன், வாயைத் திறந்தேன், கை தானாக வந்து வாயைப் பொத்திக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ராமலிங்கம் மாமா நைட் ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். 'சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு' என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அது அரிவாளைப் பார்த்ததும் போய்விடுமா?

"சாவப்போறவ யாருக்குடி பயப்படுவா?" என்று என்னைத் திட்டினாய். நீயும் அதைக் கிசுகிசுப்பாகத்தான் திட்டினாய் அண்ணா, எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம் பண்ருட்டியில் ஒரு ஸ்டுடியோவில் அலறலை மட்டும் பதிவுசெய்ய இரண்டு தடவை கூப்பிட்டாய். எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டாயே என்று நான் வரவில்லை. வெறும் வீம்பு. வேறு ஒருத்தி குரலைப் போட உனக்கும் மனசு வரவில்லை. முதல் தடவை டிவிப் பெட்டி வைத்து ஹாலில் காட்டியபோது நான் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. நீ திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் சொன்னாய், கதவோரம் கடைசியில் நின்று பார்த்தேன், அந்த இடத்தில் ஒருத்தர்கூட மூச்சுக் காட்டவில்லை, படம் போச்சு என்று. அதோடு கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாய். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகிறவரை வேறு கதை எதுவும் நீ பேசவில்லை. உன் படத்தைக் கொன்றவள் நான்தான் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமையும் என் முகத்தை அத்தனை பெரிதாகப் பார்க்கத் தைரியம் இல்லை. திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எறும்புக்குச் சிரித்தார்கள். குள்ளக் கொலைகாரனுக்கு விசில் பறந்தது. அப்புறம் என் அடுப்படி வந்தது, சிரிப்பு நின்றது. திரையில் நான் வாயைப் பொத்தியபோது ஹாலில் அத்தனை பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள் அண்ணா. முன்வரிசையில் முந்தானை, பின்னால் துப்பட்டா, கை. ஒரு சின்னப்பெண் பக்கத்தில் இருந்த தன் தங்கையின் வாயையும் சேர்த்துப் பொத்தினாள். எத்தனை பயம் அந்தக் கண்களில்! கதவோரம் நின்ற உனக்கு அன்றைக்கு வெறும் தலைகள்தானே தெரிந்திருக்கும்?

படம் முடிந்ததும் ராமலிங்கம் மாமாவும் அவர் மனைவி கஸ்தூரி அத்தையும் வந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானா இருந்தாலும் கத்தியிருக்க மாட்டேன்டி லூர்து. இவரு தூங்கிகினு இருக்கசொல்ல எப்புடிக் கத்துறது? அன்னிக்கி மொதமொத போட்டப்பவும் இப்புடித்தான், ஹாலே வாயப் பொத்திகினு கெடந்துச்சு. ஒங்கண்ணன் பாக்கலையா?" என்று கேட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். ராமலிங்கம் மாமா, "என்னைய எழுப்பியிருக்கலாமேம்மா" என்றார். என்னிடம் சொன்னாரா அத்தையிடம் சொன்னாரா தெரியவில்லை.

நீ அன்றைக்கே ஜெயித்திருக்கிறாய் அண்ணா. அலறுகிற கூட்டத்தை யார் வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம். இந்த ஊர்ப் பெண்களை இப்படிப் பயமுறுத்த உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? பாஸ்கர் கம்ப்யூட்டரில் அஞ்சு நிமிஷத்தில் ஓர் அலறலைச் சேர்த்துத் தருகிறேன், உன் அண்ணன் ஆசைப்பட்டதாச்சே என்றான். கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் கடலூரில் ஒரு கல்லூரியில் போடக் கேட்டிருக்கிறார்கள். ஷிப்டு தெரியாத பிள்ளைகள், அவர்கள் என்ன செய்வார்களோ? சிரித்தாலும் சரி. எங்கே போட்டாலும் நான் திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத்தான் உட்காருவேன். நீ பார்க்காமல் போன முகங்களை ஒன்று விடாமல் பார்த்து வந்து உன்னிடம் சொல்வேன். இது சத்தியம்.

உன் படத்தில் நாலாவதாகச் செத்த தங்கச்சி,
லூர்து மேரி