மறியாதையாச் சொல்றமுங்க

ராசாத்தாள் லே-அவுட், கோயமுத்தூர்
ஜூலை 14, ஞாயிறு

அன்புள்ள மெர்சிக்கு,

நலம். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். "ஊட்டுல எதக் கேட்டாலும் எல்லாம் நல்லாருக்குதுன்னே சொல்றாங்க, என்ற படிப்பு கெட்டுப்போயிருமாமா" என்று விடுதிக்குக் கிளம்பும்போது புலம்பினாய் அல்லவா, அதற்காக. உங்கள் வார்டன் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார் என்று சொன்னாய். அதனால் சந்தி எல்லாம் பார்த்து எழுதுகிறேன். வணக்கம், மேடம்.

புதன்கிழமை இருட்டும் நேரத்தில் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நம் தெருக் கடைசியில் சைட் நம்பர் ஏழு காலியாகக் கிடக்கிறதே, அங்கே ஏழு பேர் முகத்தில் கர்சீப் கட்டிக்கொண்டு பைக்கில் வந்தார்கள். ஒரு வண்டியிலும் நம்பர் பிளேட் இல்லை. ஒரு பைக் சீட்டின் மேல் கேக்கை வைத்தார்கள். மற்ற வண்டிகளின் விளக்குகளை அதன் பக்கம் திருப்பினார்கள். ஒருவன் என் கை நீளத்துக்கு ஒரு பட்டாக்கத்தியை உருவினான். அது மேலே போனபோது அத்தனை வெளிச்சமும் அதன் மேல் பட்டது. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கோனியம்மன் தேர் முனையில் திரும்பும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்பேனே, அப்படி நின்றேன். கேக்கை வெட்டியவன் தன் கையையும் சேர்த்து அறுத்துக்கொண்டான். உடனே எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

மறுநாள் அது பாட்டுப் போட்டு ரீல்ஸாக வந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் S7 என்று நீலப் பெயின்ட். தெருவிளக்கு ஒன்றும் உடைந்திருந்தது. அசோசியேஷன் தலைவர் திருமலைசாமி மாமா எங்கள் வாசலில் நின்று, "வெளியூருக் கும்பலுங்க. நம்ம பசங்க கேக்கு வெட்டுனா பிளாஸ்டிக் கத்திலதான் வெட்டுவானுங்க" என்றார். அப்பா செயலாளர் ஆயிற்றே, அவர் தெருவுக்குக் கேமரா போடலாம் என்றார். பெண்கள் இப்போது ஏழு மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள்.

உன் பிரியமுள்ள,
லோகப்பிரியா


கோபிசெட்டிபாளையம் விடுதி
ஜூலை 19

அன்பு லோகு,

உன் கடிதத்தை வார்டன் மேடம் முழுசாகப் படித்துவிட்டு, "உன்ற ஃபிரண்டு தமிழ் எத்தன சுத்தமா எழுதறா, நீயும் இருக்கியே" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். பட்டாக்கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேக் வெட்டத் தெரியாமல் கையை வெட்டிக்கொண்டவன் எப்படிடீ ரவுடி? ஆனாலும் அம்மா ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து அந்தக் காலி சைட்டைத் தாண்டித்தான் நடந்து வர வேண்டும். அதுதான் எனக்குப் பயம். அப்பா லாரியில் நாக்பூர் போனால் வருவதற்குப் பத்து நாள் ஆகும்.

ஒரு நல்ல சேதி. எங்கள் ஆல்வின் அண்ணன் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ். செப்டம்பரில் ஓட்டம். ஆயிரத்தைந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். போன மாதமே ஆறு நிமிடம் நாற்பது நொடிக்கு வந்துவிட்டானாம். விடிகாலையில் தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு திருடனாட்டம் ஓடுவான். பார்த்தால் எழுது.

அன்புடன்,
மெர்சி


ராசாத்தாள் லே-அவுட்
ஜூலை 23, செவ்வாய்

அன்புள்ள மெர்சிக்கு,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை கேமரா மாட்டினார்கள். ஞாயிறு காலையில் பார்த்தால், கேமராவுக்குத் தெரியாத பக்கத்துச் சுவரில் நீலப் பெயின்டில் இப்படி இருந்தது. ஓர் எழுத்தையும் மாற்றாமல் தருகிறேன்:

ஏனுங்க, மறியாதையாச் சொல்றமுங்க. கேமராவக் கழட்டிப்போடுங்க. இல்லீனா நாங்களே கழட்டிப்போடுவமுங்க.

பெரியவர்கள் எல்லோரும் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நரசிம்மலு மாமா இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, "மிரட்டறதக்கூட ங்க போட்டு மிரட்டறான் பாருங்க, நல்ல குடும்பத்துப் பையனாட்டத் தெரியுது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. இத்தனை மரியாதையாக எழுதுகிறவன் வெளியூர்க்காரனாக இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. பயம் அப்போதுதான் நிஜமாக வந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் கலைந்தார்கள்.

கேமராவில் வேறு ஒன்று பதிவாகியிருந்தது. விடிகாலை நாலே முக்காலுக்குக் குல்லா போட்ட ஒருவர் ஓடுகிறார். வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்ட அரை மணியில், இது ஆல்வின்தான் என்று எழுதிவிட்டார்கள். போலீஸ் வேலைக்காக ஆல்வின் அண்ணா ஓடிப் பழகுகிறார் என்று அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு அதெல்லாம் தெரியாது அம்மணி" என்றார். அன்று மாலையே பீட் போலீஸ்காரர் உங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி ஆல்வின் அண்ணாவை விசாரித்தார். நேற்றிலிருந்து அவர் ஓட வரவில்லை.

ஆகஸ்ட் நாலாம் தேதி கூட்டம். ஆல்வின் பெயரைப் போட்டே ஸ்டேஷனில் புகார் கொடுப்பது, வீட்டுக்காரரிடம் சொல்லி உங்களைக் காலி செய்ய வைப்பது, இரண்டையும் பேசப் போகிறார்கள். புகாரில் பெயர் ஏறிவிட்டால் போலீஸ் வேலை கிடைக்காது என்று எனக்கும் தெரியும்.

வருத்தத்துடன்,
லோகப்பிரியா


விடுதி
ஜூலை 28

லோகு,

இன்று விடிந்ததும் போனில் அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் நல்லாருக்குது கண்ணு, நீ படி" என்றார். பின்னால் அண்ணன் இருமுவது கேட்டது. அது அவன் ஓடும் நேரம், வீட்டில் இருக்கவே மாட்டான்.

நீ அந்தக் கூட்டத்துக்குப் போ. யார் என்ன சொன்னாலும் அப்படியே எழுது. எனக்கு அங்கே உன்னைத் தவிரக் கண் இல்லை.

மெர்சி


ராசாத்தாள் லே-அவுட்
ஆகஸ்ட் 4, ஞாயிறு

அன்புள்ள மெர்சிக்கு,

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத முடியும்.

சுவரில் மரியாதைக்குப் பெரிய ற போட்டிருந்தது. பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. என் அண்ணன் கிருபாசங்கர் விடுப்புக் கடிதம் எழுதும்போதெல்லாம் 'மறியாதைக்குரிய' என்றுதான் தொடங்குவான். ஐந்து வருடமாக நான்தான் அதை அடித்துத் திருத்துகிறேன். கேக் வெட்டிய அன்றைக்கு அவன் இடது கையில் கட்டோடு உங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்ததையும் பார்த்தேன். பைக் செயின் கிழித்துவிட்டது என்றான், நம்பினேன். சுவரைப் பார்த்த பிறகு நம்ப முடியவில்லை. என் அண்ணன் என்பதால் உனக்கு எழுதவில்லை.

இனிக் கூட்டம். நாலு மணிக்கு அசோசியேஷன் ஹாலில். உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, நர்ஸ் உடுப்போடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கிருபா கடைசி வரிசையில், கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு இருந்தான்.

"ஏனுங் சிஸ்டர், நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கலீங்," என்று திருமலைசாமி மாமா ஆரம்பித்தார். "பையன் அந்நேரத்துக்கு எதுக்குங்க ஓடறான்?"

"போலீஸ் வேலைக்குங்க. ஓடிப் பழகறானுங்க."

"ஓடிப் பழகறானா, தப்பிச்சு ஓடப் பழகறானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார்.

திருமலைசாமி மாமாவின் மனைவி சென்னியம்மாள் அத்தைதான் சிரிக்கவில்லை. "சித்த இருங்க. அந்த வீடியோவுல கைய அறுத்துக்கிட்டவன் எங்கியாச்சும் கட்டுப் போட்டிருப்பானில்ல? இந்தத் தெருவுல எது ஒண்ணுன்னாலும் நாம சிஸ்டர்கிட்டத்தான ஓடறம். ஏனுங் சிஸ்டர், அன்னிக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க," என்றார் உன் அம்மா.

சென்னியம்மாள் அத்தை நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"யாருங்க?"

"அத நாஞ் சொல்றதில்லீங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லித்தான் உள்ள கூப்புட்டுக் கட்டுப் போட்டேன்."

"உங்க பையன் பேரு கெடுதுங்களே. அதுக்காவக்கூடச் சொல்லமாட்டீங்களா?"

"சொல்லமாட்டனுங்க."

என் அப்பா பேனாவைத் திறந்து புகார்த் தாளைப் பக்கத்தில் இழுத்தார். உன் அம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவில்லை. மெர்சி, தொண்டாமுத்தூர் ரோட்டில் போகும்போது மேகம் விலகி மலை முழுசும் திடீரென்று கண் முன்னால் நிற்குமே, அதைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. தினமும் வாசலில் பார்க்கிற ஆள்தான். இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது.

நான் எழுந்துவிட்டேன். "சொவத்துல இருக்கற மறியாதை எங்க அண்ணன் எழுதுனதுங்க. அதுக்குச் சின்ன ர வரணுமுங்க," என்றேன். அழகாகச் சொல்லவில்லை.

"அம்மணி, உக்காரு," என்றார் அப்பா. நான் உட்காரவில்லை.

கிருபா பையிலிருந்து கையை எடுத்தான். "நாந்தானுங்க. ஆல்வினுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க." பிறகு நரசிம்மலு மாமாவின் மகன் வம்சி எழுந்தான். பிறகு திருமலைசாமி மாமாவின் மகன். ஏழு பேரும் நம் லே-அவுட்டுப் பையன்கள்தான். S7 என்றால் சைட் நம்பர் ஏழு, அவர்கள் சின்னதில் கிரிக்கெட் ஆடிய இடம். பட்டாக்கத்தி மட்டும் அவர்களுடையது இல்லை. டவுனில் ஓர் ஆள் ரீல்ஸ் எடுக்க இரவல் கொடுத்தானாம். இப்போது பதிலுக்கு ஒரு பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறானாம். முடியாதென்றால் வீட்டுக்கே வருவேன் என்கிறானாம். அவன் வந்துபோவது கேமராவில் விழுந்துவிடும் என்ற பயத்தில்தான் சுவரில் எழுதியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது கிருபா சின்னப் பிள்ளை போல அழுதான். அப்பா புகார்த் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்த ஆளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏழு அப்பாக்களும் பையன்களை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சிஸ்டர்," என்றார் திருமலைசாமி மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"மத்தியானத்துலருந்து ஒண்ணுஞ் சாப்புடலீங்க. போயிட்டு வாரேன்," என்று உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

உன்,
லோகப்பிரியா


விடுதி
ஆகஸ்ட் 9

லோகப்பிரியா,

நீ எழுந்து நின்றது பெரிய காரியம்தான். அதை இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஜூலை இருபத்தொன்றாம் தேதியே உனக்குத் தெரியும். இருபத்துமூன்றாம் தேதி எனக்குக் கடிதம் எழுதினாய். அதை எடுத்து எண்ணிப் பார்த்தேன். என் அண்ணன் பெயர் நாலு இடத்தில் இருக்கிறது. உன் அண்ணன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அம்மா வாயைத் திறக்காததற்குக் காரணம் உன் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு. நீ வாக்குக் கொடுத்தது எனக்கு.

அண்ணன் இன்னும் ஓடப் போகவில்லையாம். "மறுபடியும் படம் புடிச்சுப் போடுவாங்க" என்கிறானாம். நீ போய் அவனைக் கூப்பிடு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார். எவ்வளவு வருகிறதோ அதை எழுது. அது வரைக்கும் எனக்கு வேறு எதுவும் எழுதாதே.

மெர்சி


ராசாத்தாள் லே-அவுட்
ஆகஸ்ட் 17, சனி, காலை

மெர்சிக்கு,

உங்கள் வாசல் எதிரே சாக்கடைப் பாலத் திண்டின் மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதுகிறேன்.

மூன்று நாளாக விடிகாலையில் வந்து நின்றேன். முதல் இரண்டு நாளும் கதவு திறக்கவில்லை. இன்று உன் அம்மாதான் திறந்தார். உள்ளே பார்த்து, "இந்தப் புள்ள குளுருல நிக்குது, நீ ஓடறயா, இல்ல நான் ஓடட்டுமா?" என்றார். ஆல்வின் அண்ணா ஷூவோடு வந்தார். குல்லா போடவில்லை.

நம் நாலு தெருவைச் சுற்றினால் ஐந்நூறு மீட்டர். மூன்று சுற்று. முதல் சுற்றில் ஷூ சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவதில் ஜன்னல்கள் திறந்தன. மூன்றாவது சுற்றில் திருமலைசாமி மாமா பால் பாக்கெட்டோடு வெளியே வந்தார். வழியை அடைத்துக்கொண்டு நின்ற தன் ஸ்கூட்டரைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார். கடைசி முனையில் ஆல்வின் அண்ணாவின் கழுத்து நரம்பு புடைத்து, கண் எங்கோ இருந்தது. ஒரு மனிதர் இவ்வளவு முழுசாக ஒன்றைச் செய்வதை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தை நிறுத்தினேன்.

ஏழு நிமிடம் பதினாலு நொடி.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு அம்பத்தெட்டுன்னு எழுதிரு அம்மணி. மெர்சி அங்க ஒக்காந்து அழுதுட்டிருக்கும்," என்றார்.

"எழுதமாட்டனுங்ணா," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "செரி, உள்ளத எழுது. இருவத்தாறு நாளு சும்மா ஒக்காந்திருந்ததுக்கு இவ்வளவுதான் வருமுன்னும் எழுது."

அதையும் எழுதிவிட்டேன். அந்த நாட்களில் பதினாலு நாள் நான் பேசியிருந்தால் ஓடியிருக்கக்கூடிய நாட்கள். அவர் சொல்லவில்லை. இதை நான் எழுதுகிறேன்.

லோகப்பிரியா

பி.கு. அவர் மறுபடியும் கோட்டுக்குப் போய் நிற்கிறார். நேரம் பார்க்கச் சொல்கிறார். மணி ஆறு, வெளிச்சம் வந்துவிட்டது. தெருவிளக்குகளை அணைத்துவிட்டார்கள்.