வலேரியு கொண்டுவந்த மான்

அன்புள்ள தம்பிக்கு,

க்ளூஜ் நகரத்தில் குளிர் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம் என்று மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை உன் நண்பன் வலேரியு வந்தான். மான் என்று நினைத்து நீ அவனைச் சுட்ட பிறகு நம் வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. குதிரை வண்டியிலிருந்து ஊன்றுகோலை ஊன்றி இறங்கினான். வண்டியில் தோலுரித்த மான் கிடந்தது.

"கத்தியெல்லாம் எங்கக்கா?" என்றான். நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து உன் கத்திகளை நான் தொடவே இல்லை. எல்லாம் துருவேறிக் கிடந்தன.

"அவன் பாத்திருந்தா ஊரையே கூட்டியிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, சாணைக்கல்லில் தீட்டினான். இருவருமாக எலும்பை நீக்கி, வெள்ளைச் சவ்வை உரித்து, தொடைக்கறியில் உப்பும் பூண்டும் தடவினோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், "சவ்வப் பாருங்கக்கா" என்றான்.

முடிந்ததும் கத்திகளைக் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தான். பாதிக் கறியை விட்டுவிட்டுக் கிளம்பும்போது, "அடுத்த மானுக்கு அவன வரச் சொல்லுங்க. என்னால நின்னு வெட்ட முடியல" என்றான்.

அது அழைப்பா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. நீயே வந்து கேட்டுக்கொள்.

உன் அக்கா