அண்ணன் வண்டியின் முன்சீட்டு

மே 4, திங்கள்

அக்னி நட்சத்திரம் தொடக்கம். காலையிலேயே தார் இளகி செருப்பில் ஒட்டுகிறது. அண்ணனின் அம்பாசிடரை விராலிமலை குஷன் கடையில் விட்டாயிற்று. வேலை: முன்சீட்டு, பின்சீட்டு இரண்டுக்கும் பழுப்பு ரெக்ஸின். ரூஃப் துணி. கதவு அட்டைகள். தரை மேட். எல்லாவற்றுக்கும் மேல், அண்ணன் தேய்க்கும் தைலத்தின் வாசம் ஒழிய வேண்டும். கடைக்கார ராசுவிடம் இதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

ஓட்டுவதற்கு முன் சீட்டை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. லிவரைத் தூக்கியதும் சர்ரென்று வந்தது. அண்ணன் ஆறடி. நான் அவனைத் தைத்து மிஞ்சிய துண்டுத் துணி.

போன ஐப்பசியில் இந்த வண்டியில்தான் செத்தான். நெஞ்சு வலி. அப்போதும் ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் செத்தான். ஒழுங்குக்குப் பிறந்தவன். அதன்பிறகு மதினி வண்டியில் ஏறி யாரும் பார்த்ததில்லை.

இருபதாம் தேதி அண்ணன் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். "அப்பா வண்டியிலதான் ஆவூர் மாதா கோயிலுக்குப் போவேன் சித்தப்பா. அம்மாவும் ஏறணும். இல்லாட்டி நான் நடந்தே போறேன்." மதினியின் பதில் ஒன்றுதான்: "நான் ஆட்டோவுல வாரேன்." ஒரு வாரமாக அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான், தந்திக் கம்பம்.

மதினிக்குப் பயம்தான், வேறென்ன. அண்ணன் சுவடே இல்லாமல் உள்ளே புதுசாக்கிவிட்டால் ஏறிவிடுவார்கள். மதினியிடம் சர்வீஸ் என்று மட்டும் சொன்னேன். அசத்தத் திட்டம்.

மே 6, புதன்

காற்றே இல்லை. சீட்டுகளைக் கழற்றும் நாள். ராசு டேஷ்போர்டில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான்.

"எறந்தவரு எந்தப் பக்கம் சார் உக்காந்திருந்தாரு?"

"ஸ்டீயரிங் பக்கம்தான்யா. பின்சீட்டுலருந்தா ஓட்டுவாரு? அவரு வேதக்காரரு. எலுமிச்சைக்கெல்லாம் கட்டுப்பட மாட்டாரு."

"எதுக்கும் இருக்கட்டும் சார்."

இடது கதவு வழியாகவே எல்லாவற்றையும் உருவினான். சீட்டுக்கு அடியில் கிடைத்தவை: தைல பாட்டில் மூடி. காலியான காணிக்கை உறை. திருடிவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரனை நான் இரண்டு வருடம் முறைத்த என் மூக்குக்கண்ணாடி. நாளை அவனைப் பார்த்துச் சிரித்து வைக்க வேண்டும். பயந்துவிடுவான்.

மே 7, வியாழன்

ராசு போன்: "கொஞ்சம் வாங்க சார். நான் தொட மாட்டேன்."

ரூஃப் துணியைக் கிழித்தால் உள்ளேயிருந்து குருத்தோலைச் சிலுவைகள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தருவது. அடுத்த வருடம் சாம்பல் புதனுக்கு முன் எரிக்கத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அண்ணன் கொடுத்ததே இல்லை. பங்குச் சாமியார் கேட்டால் "வண்டிக்குக் காவல் வேணும்ல" என்பான். வருடம் ஒன்றாகத் துணிக்குள் செருகியிருக்கிறான். எல்லாம் காய்ந்து பழுப்பு.

ஒன்று மட்டும் பச்சை.

இந்த வருட ஓலை. குருத்தோலை ஞாயிறுக்கு அண்ணன் ஏது? ராசு தெருவுக்கே போய்விட்டான். நானும் சும்மா காற்று வாங்க அவன் பின்னால் போனேன்.

மே 8, வெள்ளி

வெயில் கொல்கிறது. ஓலைகளை ஒரு துண்டில் கட்டி மதினியிடம் கொடுத்தேன். பச்சையைக் காட்டினேன். குரலில் கொஞ்சம் நடுக்கம் (வெயில்).

"நான்தான் வச்சேன்."

"நீங்களா? வண்டிப் பக்கமே போக மாட்டீங்களே மதினி!"

"நீங்கள்லாம் தின்னுட்டுப் படுத்ததும் போயி உக்காருவேன். தெனமும்."

"அப்பறம் ஏன் ஏற மாட்டேங்குறீங்க?"

"வண்டி நிக்கிறப்ப அவரு அங்கிட்டு இருக்காரு, நான் இங்கிட்டு இருக்கேன். ஓட்டணும்னா நீங்க வந்து உக்காருவீங்க. அப்ப அவரு எங்கிட்டுப் போவாரு?"

சீட்டையெல்லாம் பிய்த்துப் போட்டதைச் சொன்னேன். மதினி திட்டவில்லை. சோற்றுப் பானையைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். திட்டியிருக்கலாம்.

மே 9, சனி

ராசு கடை. பழைய மெத்தை எங்கே?

"பக்கத்து டீக்கடை பெஞ்சுக்குக் குடுத்துட்டேன் சார். குப்பைன்னு நீங்கதான சொன்னீங்க!"

போய்ப் பார்த்தால், அண்ணன் மேல் நான்கு பேர் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். ஒருவன் காலாட்டிக்கொண்டு.

"எந்திரிங்கய்யா. அது எங்க அண்ணன்."

எழுந்தார்கள். என்னைப் பார்த்த பார்வையில் மருந்து தேவைப்படுவது யாருக்கு என்பது தெரிந்தது. டீ மாஸ்டர்: "ஒக்கார சொகமா இருந்துச்சு சார், இருந்தாலும் பரவால்ல." வலது பக்கம் அமுங்கிய குழி அப்படியே இருக்கிறது. முகர்ந்தேன். தைலம். நடுரோட்டில் மெத்தையை முகர்கிற ஆள். நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சு.

ராசுவிடம் கெஞ்சி ஏற்பாடு: மேலே புது ரெக்ஸின், ஓட்டுகிறவர் பக்கம் உள்ளே பழைய மெத்தை. மதினியிடம் திரும்ப வாங்கி வந்த ஓலைகள் ரூஃபில் இருந்தபடியே. "சேந்தாப்ல வராது சார், ஒரு பக்கம் பள்ளமாத் தெரியும்." தெரியட்டும்.

மே 16, சனி

லேசான தூறல். வண்டி வந்துவிட்டது. லிவருக்கு ராசு புது கிரீஸ் போட்டிருக்கிறான். சீட்டை முன்னால் இழுத்து ஓட்டி வந்தேன், ஷெட்டில் நிறுத்தியதும் பின்னால் தள்ளி வைத்தேன். பழைய மெத்தை திரும்பி வந்த கதையை மதினியிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார்கள். ஸ்டெல்லா இன்னும் உர்ரென்று.

மே 20, புதன்

கல்யாணம். எனக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

மணப்பெண் பின்சீட்டில். வாசலில் ஆட்டோ வேறு வந்து நிற்கிறது. மதினி வந்தார்கள். முன்கதவைத் திறந்து, குனிந்து, ஓட்டுகிற பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்கள். ரொம்ப நேரம். அப்புறம் ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் ஸ்டெல்லா விசும்பல். "அழுவாதடி, மை கலையும்" என்று மதினி. பேசிவிட்டார்கள்!

நான் உட்கார்ந்து லிவரைத் தூக்கினேன். சீட்டு நகரவில்லை. குலுக்கினேன். கர்த்தரைக் கூப்பிட்டேன். ம்ஹும்.

"விடுங்க தம்பி. அவருக்கு முட்டி இடிக்கும்."

ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். ஆவூர் வரை கால் கட்டைவிரல் நுனியில் கிளட்ச். மாட்டு வண்டி வேகம். கோயில் வாசலில் ஓரம் கட்டினேன். ஹேண்ட்பிரேக் இந்த வண்டியில் கதவோரம், என் வலது கைப்பக்கம். இழுக்கக் கையை விட்டேன்.

ஏற்கெனவே இழுத்திருந்தது.