அனெரியா, சார்கோலா

இன்று காலை கண்ணாடித் தொட்டியைத் திறந்தால், உன் வீட்டுப் பாம்பு சட்டை உரித்துப் போட்டிருந்தது. தலையிலிருந்து வால் வரை கிழியாமல் முழுசாக. ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். அதில் நிறமே இல்லை. நீயும் உன் மகள் நிலாவும் மாதக்கணக்கில் சண்டை போட்ட அந்த நிறம், பாம்போடு போய்விட்டிருந்தது. உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

பூனை முடி உனக்கு ஆகாது என்பதால்தான், பூனை கேட்ட நிலாவுக்கு அது வந்தது. ஊருக்கு வெளியே நடந்த பாம்புக் கண்காட்சிக்கு நிலா நம் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். பென்சில் கனம்கூட இல்லாத சாம்பல் நிறக் குட்டி. விற்றவர் டப்பாவில் 'சார்கோல்' என்று எழுதியிருந்தார். காரில் ஏறியதுமே நிலா ஆரம்பித்துவிட்டாள். "இது சார்கோல் இல்லம்மா. ஹீ இஸ் ராங். இட்ஸ் அனெரி."

நமக்கு இரண்டும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள்: இந்தச் சோளப்பாம்பு வகைக்கு இயல்பாக இருக்கும் சிவப்பு இல்லாமல் பிறந்தால் அனெரி. சார்கோலும் அப்படியே சாம்பல்தான். குட்டியில் பிரித்தறிவது கஷ்டம். வளர வளர அனெரிக்குக் கழுத்தில் மஞ்சள் ஏறும், சார்கோலுக்கு ஏறாது. "சோ வீ வெயிட்," என்றாள். நீ விடவில்லை. "விக்கிறவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? சார்கோல்தான்."

சுத்த சைவமான உன் ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் எலிக்குஞ்சுப் பொட்டலம் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அடுத்த குளிர்காலத்துக்குள் உனக்கு நோய் என்று தெரிந்தது. மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறையும், பாம்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ ஹாலில் சோஃபாவுக்கு வந்தாய். எதிரே தொட்டி. பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாய்.

பதினைந்து வயது நிலா அப்போதெல்லாம் ஸ்கூல் விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஏதாவது கேட்டால் "ஐ'ம் ஃபைன்". ஆனால் நீ சோஃபாவிலிருந்தே, "உன் பாம்பு இன்னைக்கும் சார்கோலாதான்டி இருக்கு" என்று குரல் கொடுத்தால் போதும். வெளியே வந்துவிடுவாள். விளக்கடியில் பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் வாதாடுவாள். நீ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்ன நாளில் நான்தான் உன்னோடு இருந்தேன். திரும்பி வீட்டுக்குள் வந்தபோது ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. பாம்பு தலையைத் தூக்கியது. "இங்க வாடி, கழுத்தைப் பாரு" என்றாய். தாடைக்குக் கீழே, இருந்தும் இல்லாத மாதிரி, மஞ்சள்.

"நிலா சொன்னதுதான் கரெக்ட். அவகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா" என்றேன்.

"சொல்ல மாட்டேன். தோத்துட்டேன்னு சொன்னா சண்டை முடிஞ்சிடும். அப்புறம் அவ எதுக்கு வெளிய வருவா?"

"டாக்டர் சொன்னது?"

"பரீட்சை முடியட்டும். நானே உக்கார வச்சு சொல்றேன்."

பரீட்சை முடிவதற்கு முன்பே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறக்கவில்லை. காய்ச்சல் வந்த அன்று காலை ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவள் உன்னிடம் கடைசியாகக் கத்திவிட்டுப் போனது, "அனெரி!"

நிலாவை வேறு மாநிலத்தில் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனுக்கு அவள் பெரியம்மா கூட்டிப் போனார். பாம்பென்றால் அவருக்கு நடுக்கம். அதனால் அது நம் ஊர் ரவுண்ட் ராக்கிலேயே, என் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலா வீடியோ காலில் வந்து அதைப் பார்ப்பாள். போன மாதம் வெளிச்சத்தில் காட்டச் சொன்னாள். மஞ்சள் இப்போது கழுத்தின் இரு பக்கமும் நன்றாக ஏறிவிட்டது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஐ வாஸ் ரைட். ஷீ நெவர் காட் டு சீ இட், ஆன்ட்டி" என்றாள்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நீ மஞ்சளைப் பார்த்ததைச் சொன்னேன். எந்த நாளில் பார்த்தாய் என்பதையும், அன்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஷீ நியூ? தெரிஞ்சும் என்கிட்ட பாம்பைப் பத்தி மட்டும் பேசினாளா? ஐ வுட் ஹாவ் ஸ்டேட் ஹோம். ஒரு நாள் கூட ஸ்கூலுக்குப் போயிருக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். ஆனால் நீ போகப்போகிறாய் என்று தெரிந்து உன் பக்கத்தில் இருக்கும் உரிமை அவளுக்குக் கிடைக்காமலே போயிற்று. நீ உயிரோடிருந்தால் இதை உன் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.

இரண்டு ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தாள். பாம்பைக் கேட்கவில்லை.

"அம்மா அன்னைக்கு உங்ககிட்ட என்ன சொன்னா? இங்கிலீஷ்ல வேணாம் ஆன்ட்டி. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். உன் இழுப்போடு, உன் 'டி'யோடு, "இங்க வாடி" முதல் "அப்புறம் அவ எதுக்கு வெளிய வருவா?" வரை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஒன் மோர் டைம்" என்றாள்.

இப்போது ஒவ்வொரு வாரமும் நீ பேசியதில் இன்னொன்றைக் கேட்கிறாள். சமையல் செய்யும்போதும் கார் ஓட்டும்போதும் உன் பேச்சைத்தான் ஞாபகத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்கூட மாறிவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. நீ அவளுக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியவை, என் வாயில் இருக்கின்றன.