வெந்தயம் தின்ற மீன்கள்

நாள் 41. காலை 6.10
இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் சூசை மிக்கேலாகிய நான். செவ்வாய்க் குடியிருப்புக்கு உணவுக் கப்பல் வராது என்றேன்; வரவில்லை. அவர்களுக்கு மேலே, சுற்றுப்பாதைப் பண்ணையில், நான் தனியாக வளர்க்கும் திலேப்பியா மீன்தான் இனி அவர்களுக்குச் சோறு. தொட்டி வெப்பம் சரி. ஆக்சிஜன் சரி. கீழே என் அக்கா மகள் செலினுக்குப் பெண் பிறந்திருக்கிறது. படத்தில் பார்த்தேன், என் மூக்கேதான்.

நாள் 44. காலை 6.00
தீவனத்தில் வெந்தயப் பொடி கலந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக்களி கொடுத்தால் பால் ஊறும், உடம்பு தேறும். மீனுக்கு மட்டும் தேறாதா? எட்டாம் வகுப்பைத் தாண்டிய எவனுக்கும் இது தோன்றாது.

நாள் 79. மாலை 5.30
மீன்கள் என் கை நீளம். சரி, முழங்கை நீளம். பெட்டகத்தில் அடைத்துக் கீழே அனுப்பினேன்.

நாள் 97. காலை 8.15
செலின் பேசினாள்: "மாமா, மீனு பாக்க ராசா கணக்கா இருக்கு. சட்டியில ஒரு சொட்டு நெய் மிதக்கல. வேற தீனியும் இல்ல. கொழுப்பில்லாத மீன மட்டும் தின்னா வயிறு நெறையுது, ஒடம்பு வத்துது. எனக்குப் பாலு நின்னுட்டு. என்னத்தப் போட்டிய?"
சொன்னேன். சிரித்தாள். இருமிக்கொண்டே சிரித்தாள். "வெந்தயம் கொழுப்பக் கரைக்கும்லா! ஊர்ல குண்டா இருக்கவக ஊற வச்சுக் குடிக்கிறத மீனுக்குக் குடுத்திருக்கிய."
பின்னால் குழந்தை அழுதது. சத்தம் சின்னதாக இருந்தது.

நாள் 98. காலை 6.00
வெந்தயத்தை நிறுத்திவிட்டேன். கொழுப்பு ஏற இரண்டு மாதம் என்கிறது கையேடு. கையேடு எழுதியவன் மீனைக் கண்டானா? ஒரே மாதத்தில் ஏற்றுவேன்.

நாள் 114
ஏறவில்லை.

நாள் 131. நேரம் பார்க்கவில்லை
ஒரு மீனைக் கீறினேன். வயிற்றோரம் வெள்ளையாக, விரல் கனத்துக்குக் கொழுப்பு! இருந்ததையெல்லாம் அனுப்பினேன். செலின் பேசினாள்: "மாமா, சட்டி மினுங்குது. புள்ள குடிச்சிட்டுத் தூங்குது. நீங்களும் கொஞ்சம் தூங்குங்க."

அதே நாள், பிறகு
பெட்டகம் இறங்கிவிட்டது. திரையில் தெரிகிறது. அதன் விளக்கு எரிகிறது. கதவு திறக்கவில்லை. ஆள் வரவில்லை.
கொழுப்பு உண்மை. சத்தியமாக உண்மை.
இன்று செலின் பேசியது... அதை நானாக எழுதினேன். கீழேயிருந்து குரல் வந்து பல நாளாயிற்று.