சென்டர் ஹாஃப் முனிரத்தினத்துக்கு அவர் மகள் எழுதுவது

என்னைப் பெற்ற நைனாவுக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து உன் பேரில் ஒரு ஹாக்கிப் போட்டி நடத்தப் போகிறார்களாம். அதற்கு ஒரு மலரும் போடுகிறார்கள். உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி திருத்தணிக்கு என் வீடு தேடி வந்தார்கள். நல்லதாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

உன் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. நான் பிறப்பதற்குள் அது முடிந்துபோயிருந்தது. எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் வளைந்த மரக்கிளையை வைத்துக்கொண்டு ஆடப் பழகினாயாம். பிறகு மெட்ராஸில் ஒரு கம்பெனி அவர்கள் டீமுக்காகவே உன்னை வேலைக்கு எடுத்தது. பேருக்கு கிளார்க். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவாய். மைதானத்துக்கு நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப் நீ, பந்து உன்னைத் தாண்டிப் போகாது என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்களாம். கரும்புக்காட்டிலிருந்து போன ஒருத்தனுக்கு ஹாக்கி ஆடுவதற்கென்றே மாசச் சம்பளம். ஊரே வாயைப் பிளந்திருக்கும்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரிந்தபோது உனக்கு இருபத்திரண்டு வயசு. திருத்தணி உட்பட சித்தூர் ஜில்லா முழுக்க ஆந்திராவில் சேர்ந்தது. மெட்ராஸ் ராஜ்ஜிய டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் உன் ஆட்டத்தைப் பாராட்டிவிட்டு, ஊர் எது என்று கேட்டார்கள். சொன்னாய். அது இப்போது வேறு ராஜ்ஜியமாயிற்றே, எல்லைப் பேச்சு இன்னும் முடியவில்லை, முடியட்டும், அப்புறம் வாருங்கள் என்றார்கள். சித்தூருக்குப் போய் ஆந்திரா டீமுக்குக் கேட்டாய். அவர்கள், மெட்ராஸில் சம்பளம் வாங்கும் அரவக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். அரவம் என்றால் தமிழ். அவர்கள் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று நீ கடைசி வரைக்கும் நடித்துக் காட்டுவாய்.

அப்புறம் காத்திருந்தாய். ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா? ஏழு வருஷம். எல்லையைப் பற்றி பேப்பரில் ஒரு செய்தி வந்தால் போதும், லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடி வருவாயாம். நம் ஊரை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி ஊரார் கொடுத்த மனுவில் எல்லாருக்கும் முன்னால் நீதான் கையெழுத்துப் போட்டாய். விசாரிக்க வந்த அதிகாரி முன்னால், எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் யாருமில்லை என்று சொன்னாய். சந்தையில் பேசியதெல்லாம் என்னவாம்? அதையும் அம்மாதான் சொல்லிச் சிரிப்பாள். நீ சிரித்ததில்லை.

கடைசியில் எல்லை தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. பிச்சாட்டூர்ப் பக்கத்து நம் ஊர் போகவில்லை, ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. பேப்பரில் வந்த ஊர்ப் பட்டியலை ரெண்டு தரம் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, வயலுக்குப் போனாயாம். அப்போது உனக்கு முப்பது நெருங்கிவிட்டது. கம்பெனியில் உன் இடத்துக்குக் காலேஜ் பையன் ஒருவன் வந்திருந்தான். இனிமேல் முழு நேரமும் கிளார்க் வேலை பார் என்றார்கள். வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டாய்.

இது வரைக்கும் உனக்கு நடந்தது அநியாயம். யார் கேட்டாலும் சொல்வேன்.

இனிமேல் எனக்கு நடந்தது.

திருப்பதியில் காலேஜ் சேர்ந்தபோது நான் ஹாக்கி டீமில் பேர் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் தெரியுமா? உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். வீட்டில் நீ பேசாத மனுஷன். இதை வைத்தாவது என்னோடு பேசுவாய் என்று நினைத்தேன். ரெண்டாம் வருஷம் யுனிவர்சிட்டி டீமுக்கு என்னை எடுத்தார்கள். அன்றைக்கே உனக்குக் கடிதம் எழுதினேன். சென்டர் ஹாஃப் என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் நீ காலேஜ் வாசலில் நின்றாய். பார்க்க வந்திருக்கிறாய் என்றுதான் ஓடி வந்தேன். நீ என்னைத் தாண்டி கோச் அம்மாவிடம் போனாய்.

"இன்னிக்கு எடுப்பீங்க. நாளைக்கு எந்த ராஜ்ஜியம், எந்த ஊருன்னு கேட்டு வெளிய நிக்க வெப்பீங்க. எம் பொண்ணுக்கு அது வாணாம்."

அந்த அம்மா தெலுங்கில் எவ்வளவோ சொன்னார்கள். இப்போதெல்லாம் யாரும் அப்படிக் கேட்பதில்லை, உங்கள் பெண் மாதிரி ஆடுகிறவள் எனக்குப் பத்து வருஷமாகக் கிடைக்கவில்லை என்றார்கள். உனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். புரியாதவன் மாதிரி நின்றாய். என் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு நடந்தாய். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு வாங்கி, "துன்னும்மா" என்று கையில் கொடுத்தாய். வீடு வந்து சேரும் வரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். நீ அதைக் கவனிக்கவும் இல்லை.

மூணு மாசத்தில் கல்யாணம். மாப்பிள்ளை திருத்தணி. அவர் கெட்டவரில்லை, அதை எழுதாவிட்டால் பாவம். முதல் ஆடிக்கு நீ சீர் கொண்டு வந்தாய். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தேன். நீ என்னை அண்ணாந்து பார்த்தாய். அப்படிச் சந்தோஷமாக உன் முகத்தை நான் பார்த்ததே கிடையாது.

"நீயாவது இந்தப் பக்கம் வந்து சேந்துட்டம்மா."

சாம்பார் வாளியோடு அப்படியே நின்றேன். சரி, இதற்குத்தானா? ஊர் போகாத இடத்துக்கு என்னை அனுப்பிவைத்தாயா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் கேட்கவில்லை. போன வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்திருந்தபோது, கஞ்சி கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன் நைனா அன்னிக்கு என்னைக் காலேஜிலேர்ந்து கூட்டிக்கினு வந்துட்ட?"

நீ யோசித்தாய். உண்மையாகவே யோசித்தாய். "எப்ப?" என்றாய்.

உனக்கு மறதி நோய் இல்லை. அதே வாரம்தான் உன்னை டீமில் எடுக்காமல் தள்ளிவிட்ட மெட்ராஸ் கமிட்டிக்காரர்கள் மூணு பேரின் பேரையும், அன்றைக்கு அவர்கள் போட்டிருந்த சட்டையையும் நர்சிடம் வரிசையாகச் சொன்னாய். உன் காயம் ஒவ்வொன்றும் உனக்கு ஞாபகம் இருந்தது. என்னுடையது ஒன்றுகூட இல்லை. மிச்சக் கஞ்சியைக் கொடுத்து முடித்து, வாயைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன். அப்புறம் ஆறு நாள்தான் இருந்தாய். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. கல்மனசு என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

இப்போது உன் பேரில் போட்டி. திருத்தணிக்காரர்கள் எங்கள் ஆள் என்கிறார்கள், புத்தூர்க்காரர்கள் எங்கள் ஆள் என்கிறார்கள். நோட்டீஸில் எந்த ஊர் போடுவது என்று சண்டை. நீ இருந்தபோது இதில் ஒருத்தராவது வந்து பார்த்தார்களா?

வந்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்டேன், பெண்கள் ஆட்டம் உண்டா என்று. அதை யோசிக்கவில்லை என்றார்கள். இல்லை என்றால் முனிரத்தினம் என்ற பேரை நீங்கள் போட முடியாது, அது என் வீட்டுப் பேர் என்றேன். பத்து நாள் கழித்து வந்தார்கள். நாலு டீம் கிடைத்திருக்கிறது அம்மா என்றார்கள். சத்தியவேட்டிலிருந்து ஒன்று, திருச்சானூரிலிருந்து ஒன்று, திருவள்ளூர்ப் பக்கம் ரெண்டு.

நான் வருவேன் நைனா. அந்தப் பெண்களின் ஆட்டம் முடியும் வரைக்கும் வெயிலில் உட்கார்ந்திருப்பேன். மேடையில் ஏற்றினால், நீ நன்றாக ஆடினாய் என்று சொல்வேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். எந்த அப்பனாவது பாதி ஆட்டத்தில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வந்தால், எழுந்து போய் அவன் எதிரில் நிற்பேன்.

உன் ஒரே மக,
கஸ்தூரி